அபுதாபியில் பிள்ளைகளுக்கு ஜியு ஜிட்சு: மூன்று இடம் பார்த்தோம், ஒன்றில் சேர்த்தோம்

அபுதாபிக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கொஞ்ச நாளிலேயே கண்ணில் படும் ஒரு காட்சி உண்டு. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வெள்ளைத் தடித்துணிச் சட்டையும் இடுப்பில் பட்டையுமாகப் பிள்ளைகள் லிஃப்டில் ஏறுவார்கள். கராத்தே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது பிரேசிலியன் ஜியு ஜிட்சு. இந்த நாட்டு அரச குடும்பத்தின் ஷேக் தஹ்னூன் 1990களில் அமெரிக்காவில் படிக்கும்போது இதைக் கற்றுக்கொண்டு திரும்பினார். 1998இல் ஏடிசிசி என்கிற பிடிச்சண்டைப் போட்டி இங்கே ஆரம்பமானது. 2008 முதல் பள்ளிப் பாடத்திலேயே சேர்த்துவிட்டார்கள். சொல்லிக்கொடுக்க பிரேசிலிலிருந்து கோச்சுகள் கூட்டமாக வந்தார்கள். அதனால் இந்த ஊரில் வகுப்புக்குப் பஞ்சமில்லை. எந்த வகுப்பு என்பதில்தான் மண்டை காய்கிறது.

நாங்கள் இருப்பது முசாஃபா ஷாபியாவில். நான் நர்ஸ், ஷிஃப்ட் வேலை. அவருக்கு இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஃபேப்ரிகேஷன் யார்டில் வேலை. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. இரண்டு பேரையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் விட்டுக் கூட்டிவர முடிய வேண்டும் என்பது எங்கள் முதல் நிபந்தனை. மற்றதெல்லாம் அப்புறம்.

இதில் அகாடமி எதன் பெயரையும் எழுதப் போவதில்லை. குறை சொல்லப் போகும் இரண்டு இடங்களின் பெயரைப் போடாததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிடித்த இடத்தின் பெயரையும் ஏன் விடுகிறேன் என்றால், இங்கே வாசல் பலகை அப்படியே இருக்கும், உள்ளே கோச் மாறிவிடுவார். ஒப்பந்தம் முடிந்தது, விசா மாறியது, துபாயில் நல்ல சம்பளம் கிடைத்தது என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். போன வருடம் யாரோ ஐந்து நட்சத்திரம் போட்ட இடத்தில் இந்த வருடம் வேறு ஆள் நிற்பார். பெயரை வைத்துத் தேடாமல் நேரில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

முதலில் போனது பெரிய இடம். ஏசி, கண்ணாடிக் கதவு, ஒரு சுவர் முழுக்கப் பதக்கம், வரவேற்பில் காபி மெஷின். தரையில் விரித்த மேட் நல்ல தடிமன், புதிது. கோச் உண்மையிலேயே பெரிய போட்டியாளர், சுவரில் அவர் படம் இருக்கிறது. ஆனால் ஒரே நேரத்தில் முப்பது பிள்ளைகள் இருக்கும், கோச் அவர் ஒருவர், கூட ஒரு பதின்வயதுப் பையன். ஐந்து வயதுக் குழந்தையும் பதினொரு வயதுப் பையனும் ஒரே வரிசையில். வார்ம்அப் இருபது நிமிடம் ஓடியது. அதற்குள்ளேயே என் மகன் சுவர்ப் பதக்கங்களை எண்ண ஆரம்பித்துவிட்டான்.

அங்கே என்னைத் துரத்தியது கூட்டம்கூட இல்லை. கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகளை ஜோடி சேர்த்து விட்டார்கள். இதை ரோல் என்பார்கள். நிஜமாகவே பிடித்துப் புரண்டு, கற்றதைப் பயன்படுத்திப் பார்ப்பது. ஜியு ஜிட்சுவில் குத்து, உதை கிடையாது. கீழே தள்ளி, மேலே ஏறி, கையையோ கழுத்தையோ பூட்டுவார்கள். பூட்டு விழுந்ததும் மாட்டிக்கொண்டவர் எதிராளியின் உடம்பிலோ மேட்டிலோ கையால் தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். இதுதான் டேப். அன்று ஒரு சின்னப் பையன் தட்டினான். மேலே இருந்தவன் விடவில்லை. மறுபடியும் தட்டினான். கோச் பார்த்தார், சிரித்தார், “பரவாயில்லை, தாங்கு” என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அதற்கப்புறம்தான் அவன் விட்டான். யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

நீங்கள் ட்ரையல் வகுப்புக்குப் போனால் பட்டை நிறத்தையும் பதக்கத்தையும் விட்டுவிட்டு இதை மட்டும் பாருங்கள். ஒரு பிள்ளை தட்டியதிலிருந்து அடுத்த பிள்ளை விடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது? தட்டியும் விடாதவனை கோச் என்ன செய்கிறார்? தட்டிய பிள்ளையின் முகம் எப்படி இருக்கிறது? இந்த விளையாட்டில் பாதுகாப்பு என்று இருப்பது பெரும்பாலும் அந்தத் தட்டல்தான். அதற்கு மரியாதை இல்லாத மேட்டில் ஹெல்மெட் போட்டு அனுப்பினாலும் பிரயோஜனமில்லை.

நர்ஸாக இன்னொன்று சொல்ல வேண்டும். வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு என்று மென்மையான பகுதி ஒன்று உண்டு. சுற்றியிருக்கும் தசைநார்களைவிட அது பலவீனமானது. பெரியவருக்குத் தசைநார் சுளுக்கிக்கொள்ளும் விசையில் பிள்ளைக்கு அந்தத் தட்டு அடிபடலாம். அதனால்தான் சர்வதேச அமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதியில் பன்னிரண்டு வயது வரைக்கும் கால் பூட்டுகள் கிடையாது. முன்னாலிருந்து கழுத்தை அணைத்து நெரிக்கும் கில்லட்டினும் கிடையாது. ஆளைத் தூக்கி மேட்டில் அடிப்பது எந்த வயதுக்கும் கிடையாது. “உங்கள் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு எதெல்லாம் தடை?” என்று கோச்சிடம் கேளுங்கள். நல்ல கோச் பட்டியலை மடமடவென்று சொல்வார். யோசிக்கிறார் என்றால் நீங்களும் யோசியுங்கள்.

இரண்டாவது இடம் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். அதற்காகவே பிடித்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டு போனேன். கோச் கலகலப்பானவர், பிள்ளைகள் பெயர் எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். வகுப்பும் மோசமில்லை. முடிந்ததும் வரவேற்பில் இருந்தவர் ஒரு திட்ட அட்டையைக் கையில் கொடுத்தார். வருடப் பணம் மொத்தமாக, மூன்று மாதத்துக்கு ஒரு பட்டைத் தேர்வு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், “பதினைந்து வயதுக்குள் பிளாக் பெல்ட்.”

இந்தக் கடைசி வரி போதும். பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஐபிஜேஜேஎஃப் வரிசை வெள்ளை, சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை. சாம்பல் நான்கு வயதிலிருந்து, மஞ்சள் ஏழிலிருந்து, ஆரஞ்சு பத்திலிருந்து, பச்சை பதின்மூன்றிலிருந்து. பெரியவர்களின் நீலப் பட்டையே பதினாறு வயதிலிருந்துதான். கறுப்புக்குக் குறைந்தது பத்தொன்பது. அப்படி இருக்க, பதினைந்து வயதில் எந்த பிளாக் பெல்ட்டைக் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் கராத்தே வகுப்பில் மாதக் கணக்கு வைத்துப் பட்டை வாங்கிப் பழகிய நம் ஆட்களுக்கு இந்த அட்டை இனிக்கும், அதைத் தெரிந்துதான் அடிக்கிறார்கள். ஜியு ஜிட்சுவில் பல நல்ல இடங்களில் தேர்வு என்றே ஒன்று இருப்பதில்லை. கோச் மாதக்கணக்கில் பார்த்துவிட்டு ஒருநாள் வரிசையில் கூப்பிட்டுப் பட்டையில் ஒரு வெள்ளை நாடா சுற்றுவார், அவ்வளவுதான்.

அங்கே காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு அம்மா இன்னொன்றும் சொன்னார். போட்டிக்கு எடை பார்க்கும் நாளில் பத்து வயது மகளுக்குத் தண்ணீர் குறைவாகக் கொடுக்கச் சொன்னார்களாம், ஒரு எடைப் பிரிவு கீழே போனால் ஜெயிப்பது சுலபமாம். அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு, அதுவும் இந்த ஊர் வெயிலில்!

மூன்றாவது இடம் ஒரு டயர் கடைக்கு மேல்மாடி. படியேறும்போது ரப்பர் வாசனை. அறையும் சின்னது, மேட் பழசு, ஓரத்தில் ஒன்றிரண்டு துண்டு நிறம் மாறி இருந்தது. பதக்கம் ஒரு அலமாரியில் கிடக்கிறது, மாட்டக்கூட இல்லை. இங்கேதான் சேர்த்தோம்.

ஏன் என்று சொல்கிறேன். உள்ளே நுழையும் இடத்தில் ஒரு நகவெட்டி கயிற்றில் தொங்குகிறது. கோச் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் கையையும் காலையும் பார்த்துவிட்டுத்தான் மேட்டில் ஏற்றுகிறார். நகம் நீளமாக இருந்தால் அங்கேயே வெட்ட வேண்டும். ஒரு பையனின் முழங்கையில் வட்டமாகச் சிவப்புத் திட்டு இருந்தது. படர்தாமரை என்று நான் தூரத்திலிருந்தே பார்த்தேன், அவரும் பார்த்தார். அவனை மேட்டுக்கு வெளியே உட்கார வைத்து, அவன் அப்பாவிடம் தனியாகப் போய்ப் பேசினார். அந்தப் பையனும் மற்றவர்கள் முன்னால் கூசிப் போகவில்லை, ஸ்டாப்வாட்ச் பிடிக்கும் வேலை கொடுத்துவிட்டார். மேட் ஓரத்தில் செருப்பு வரிசை. கழிவறைக்குப் போகும் பிள்ளை செருப்பு போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். முதலில் பார்த்த கண்ணாடிக் கதவு இடத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு கழிவறைக்குப் போய் அதே காலோடு மேட்டில் ஏறினார்கள். முகமும் கன்னமும் உரசும் விளையாட்டு இது. படர்தாமரையும் சிரங்கும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டிக்கொள்ள அந்த ஒரு நடை போதும். இங்கே ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார்கள். நான் ஒருநாள் சீக்கிரம் போய் நின்று பார்த்தும் விட்டேன், தொழில் புத்தி.

முதல் வகுப்பில் என் பிள்ளைகளுக்குப் பூட்டு எதுவும் சொல்லித்தரவில்லை. டேப் மட்டும். மேலே ஒருவர் லேசாகச் சாய்வார், கீழே இருப்பவர் தட்ட வேண்டும், உடனே எழுந்துவிட வேண்டும். கையால் தட்டு, கை மாட்டிக்கொண்டால் காலால் தட்டு, காலும் மாட்டிக்கொண்டால் வாயால் “டேப்” என்று கத்து. இதை விளையாட்டாகத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். அப்புறம் விழுவது: தாடையை நெஞ்சில் ஒட்டி, கையால் மேட்டை அறைந்து விழுவது. பிரேசிலுக்கு இதைக் கொண்டுபோனவர்கள் ஜப்பானின் ஜூடோ ஆட்கள். மயேதா என்பவர் 1914இல் பிரேசிலுக்குப் போய் பெலேம் நகரில் சொல்லிக்கொடுத்ததை கிரேசி குடும்பம் பிடித்துக்கொண்டு தரைச் சண்டையாக வளர்த்தது. விழக் கற்றுக்கொள்வது அந்த ஜூடோ சொத்து. இன்றைக்கு நிறைய இடங்களில் நேராகத் தரையிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்தக் கோச் விடுவதில்லை. மகன் போன மாதம் பள்ளிப் படிக்கட்டில் தடுக்கி விழுந்தபோது கையை ஊன்றாமல் உருண்டிருக்கிறான். மணிக்கட்டு தப்பியது. எனக்குக் கட்டிய பணம் அன்றைக்கே வசூல்.

வகுப்பு இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: நான்கிலிருந்து ஏழு, எட்டிலிருந்து பன்னிரண்டு. ஒரே நேரம், மேட்டின் இரண்டு பாதி, இரண்டு கோச். சின்னவர்கள் பக்கம் பார்த்தால் ஜியு ஜிட்சு என்றே தெரியாது. கரடி நடை, இறால் மாதிரி இடுப்பைத் தள்ளிப் பின்னால் போவது, அடுத்தவர் பட்டையில் செருகிய துணியைப் பிடுங்குவது. மகனிடம் கேட்டால் “விளையாடினோம்” என்பான். ஆனால் அந்த இடுப்புத் தள்ளல்தான் மேலே ஆள் ஏறினால் தப்பிக்கும் வழி. ஆறு வயதுக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. பெரிய பிள்ளைகள் பக்கம் ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு நுட்பம். மகள் ஒரு வாரம் முழுக்க மவுண்டிலிருந்து, அதாவது எதிராளி மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் நிலையிலிருந்து, தப்பிப்பது மட்டும் செய்தாள். சலிப்பதாக அவளே சொன்னாள். சலிக்கட்டும் என்று விட்டேன்.

பெண் பிள்ளை விஷயம். நாகர்கோவிலில் இருக்கும் என் அத்தை வீடியோ காலில் முதல்நாள் பார்த்துவிட்டு, “ஏ மக்களே, பொம்பளப் புள்ளய தரையில போட்டு உருட்டவா துட்டு குடுக்கிய?” என்று கேட்டார். மாமா சிலம்பம் சுற்றியவர். அவர் பின்னாலிருந்து, “கம்பு இல்லாம செய்யுதா, நல்லதுதான்” என்றார். சிரித்துவிட்டு விட்டேன், ஆனால் அத்தையின் கேள்வி அர்த்தமில்லாததும் அல்ல. இது உடம்பு உரசும் விளையாட்டு, பிள்ளையை யாரிடம் விடுகிறோம் என்பது முக்கியம். இந்த இடத்தில் பெரிய பிள்ளைகள் பக்கத்தைப் பெரும்பாலும் நடத்துவது ஒரு பெண் கோச், அவரும் பிரேசில்காரர். பெற்றோர் உட்காரும் பெஞ்சு மேட்டை ஒட்டியே இருக்கிறது, திரை எதுவும் இல்லை. உடை மாற்றும் அறைக்குள் கோச்சுகள் வருவதில்லை. செய்தியெல்லாம் பெற்றோர் வாட்ஸப் குழுவில்தான், பிள்ளைக்குத் தனியாக எதுவும் அனுப்புவதில்லை. கண்ணாடிக் கதவு இடத்தில் “பெற்றோர் இருந்தால் பிள்ளை கவனம் சிதறும்” என்று வெளியே காத்திருக்கச் சொன்னார்கள், ட்ரையல் நாளில் மட்டும் உள்ளே விட்டார்கள். கவனம் சிதறட்டும். பெற்றோர் பார்க்க முடியாத இடத்தில் என் பிள்ளை இந்த விளையாட்டைக் கற்க வேண்டாம்.

பெஞ்சில் உட்கார்ந்து கத்தும் அப்பாக்களை மட்டும் கோச் அடக்க வேண்டும். இங்கே ஒருவர் இருக்கிறார், தன் பையன் ரோல் செய்யும்போது எழுந்து நின்று கை காலெல்லாம் ஆட்டுவார். கோச் அவரைக் கூப்பிட்டு, “வாங்க, நீங்களும் மேட்டில் ஏறுங்கள்” என்றார். அதிலிருந்து கொஞ்சம் அமைதி.

போட்டி பற்றி. அபுதாபியில் பிள்ளைகள் போட்டி அடிக்கடி நடக்கும், ஸாயித் ஸ்போர்ட்ஸ் சிட்டி அரங்கில் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும், வரிசையாக மேட், நூற்றுக்கணக்கில் குட்டிப் பட்டைகள். எங்கள் கோச் கட்டாயப்படுத்தவில்லை, கேட்டவர்களை மட்டும் கூட்டிப் போனார். எடை என்ன இருக்கிறதோ அதே பிரிவு, குறைக்கும் பேச்சே இல்லை. மகள் முதல் ஆட்டத்திலேயே தோற்றாள். எதிராளி அவள் காலைத் தாண்டிப் பக்கவாட்டில் வந்ததற்கு மூன்று புள்ளி, அதற்கப்புறம் மவுண்டுக்கு நான்கு. கார் வரைக்கும் அழவில்லை, காரில் அழுதாள், ஷவர்மா வாங்கிக் கொடுத்ததும் சரியானாள். மகன் வெள்ளிப் பதக்கத்தோடு வந்தான். அவன் பிரிவில் மொத்தம் இரண்டே பேர். அந்தத் தகவலைத் தாத்தாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். சுவர் முழுக்கப் பதக்கம் மாட்டிய இடங்களைப் பார்க்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

“தன்னம்பிக்கை வளரும், கவனம் கூடும், படிப்பில் முன்னேறும்” என்று எல்லா இடத்து நோட்டீஸிலும் இருக்கும். படிப்பில் எந்த வித்தியாசமும் நான் பார்க்கவில்லை. கணக்கு அதே கணக்குதான். வகுப்பு நாட்களில் ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிடுகிறார்கள், அது உண்மை. சீட்டு விளையாடித் தோற்றால் சீட்டையெல்லாம் தட்டிவிடும் மகன் இப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறான். தாத்தாவிடம் போன் வைக்கும்போது, மேட்டில் வணக்கமாகச் சொல்லும் “ஊஸ்” என்கிறான். அவர் அது ஏதோ அரபு வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பணக் கணக்கு. வாரம் மூன்று நாள், ஒரு பிள்ளைக்கு மாதம் 350 திர்ஹம், இரண்டாவது பிள்ளைக்கு 50 குறைவு. மாதாமாதம் கட்டலாம். எங்களுக்கு இதில் முக்கியமானது ஜூலை, ஆகஸ்ட். இந்தியன் பள்ளிகளுக்கு அப்போதுதான் விடுமுறை, எல்லாரும் ஊருக்குப் போய்விடுவோம். வருடப் பணம் மொத்தமாக வாங்கும் இடத்தில் அந்த இரண்டு மாதமும் சேர்ந்தேதான் போகும். கையெழுத்துப் போடும் முன் “விடுமுறைக்கு நிறுத்தி வைக்க முடியுமா” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நோன்பு மாதத்தில் நேரம் இரவுக்கு மாறும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மாதம் தூக்கம் கெடும்.

கீ என்கிற அந்தத் தடித்த பருத்தி உடையை அகாடமியில்தான் வாங்க வேண்டும் என்று இங்கே வற்புறுத்தவில்லை. கடையில் 180 திர்ஹமுக்கு வாங்கினோம். பிள்ளைகள் அளவு எம்0, எம்1 என்று போகும். ஒரு அளவு பெரிதாகவே எடுங்கள், வெந்நீரில் துவைத்தால் சுருங்கும், பிள்ளையும் வளரும். மகன் போடுவது வேறொரு பையன் போட்டு விட்டது, 60 திர்ஹம், ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு கீ வைத்துக்கொண்டு வாரம் மூன்று நாள் ஓட்டப் பார்க்காதீர்கள். வேர்த்த கீயைத் துவைக்காமல் மறுபடி போட்டு அனுப்பினால் முதலில் சொன்ன படர்தாமரை வீட்டுக்கே வரும். இரண்டு வேண்டும். பால்கனியில் வெளியே தெரியும்படி துணி காயப்போட இங்கே நகராட்சி விடாது, அதனால் எங்கள் ஹாலில் எப்போதும் நான்கு கீ தொங்கிக்கொண்டிருக்கும். விருந்தாளிகள் பழகிவிட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஏசி ஆகஸ்டில் தடுமாறும். கழிவறை ஒன்றுதான். சின்னவர்களின் கோச்சுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், பிள்ளைகளுக்கு அது பிரச்சினையே இல்லை, நமக்குத்தான் மகன் எப்படிச் செய்கிறான் என்று கேட்டால் “குட், குட், வெரி குட்” என்பதற்கு மேல் கிடைக்காது. பெண் கோச்சின் ஒப்பந்தம் அடுத்த வருடம் முடிகிறது. அவர் போனால் நான் மறுபடியும் பெஞ்சில் போய் உட்கார்ந்து, புது ஆள் வந்தபின் யார் தட்டினால் யார் விடுகிறார்கள் என்று பார்ப்பேன்.

இதே ஷாபியாவில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: வார நாள் வகுப்பு ஆறரைக்கு, அந்த நேரத்தில் டயர் கடை முன்னால் பார்க்கிங் கிடைக்கவே கிடைக்காது, இரண்டு தெரு தள்ளி விட்டு நடக்க வேண்டும். சனிக்கிழமை காலை ஒன்பது மணி வகுப்பும் உண்டு. அதற்கு வந்தால் வண்டியை வாசலிலேயே விடலாம், கூட்டமும் பாதிதான். ட்ரையல் இலவசம், முன்னாடியே சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையின் நகத்தை மட்டும் வீட்டிலேயே வெட்டிக் கூட்டிப் போங்கள்.